மெதுவாகச் சுற்றும் கம்பு

தாராபுரத்தில் கம்பு சுற்றப் பழகும் எந்தப் பையனிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், குங்ஃபூ எங்கிருந்து வந்தது என்று. “காஞ்சிபுரத்துல இருந்துதாங்ணா” என்று பட்டென்று பதில் வரும். 2011 தீபாவளிக்கு ‘7ஆம் அறிவு’ வந்தபோது இவர்களில் பாதிப் பேர் பிறந்தே இருக்க மாட்டார்கள். ஆனாலும் கதை வந்து சேர்ந்துவிட்டது. பல்லவ இளவரசன் போதிதர்மன் சீனா போனான், ஷாவோலின் துறவிகளுக்குத் தியானத்தையும் சண்டையையும் ஒரே பாடமாகச் சொல்லிக்கொடுத்தான், நம்ம ஆளுங்க மறந்துவிட்டார்கள், சீனாக்காரன் பிடித்துக்கொண்டான்.

இதை மறுத்துப் பேசினால் தமிழ்த் துரோகி ஆகிவிடும் அபாயம் இருக்கிறது. இருந்தாலும் பேச வேண்டியிருக்கிறது. பகலில் பத்து மணிநேரம் திரை முன்னால் உட்கார்ந்து கோட் எழுதுகிறவன் நான். கழுத்தும் தோளும் கல்லாகிப்போய், முதலில் யோகா, பிறகு யூடியூபைப் பார்த்துத் தாய் சி, கடைசியில் ஊர்ப் பக்கமே திரும்பிச் சிலம்பம் என்று வந்து நின்றவன். சண்டைக்காக உண்டான அசைவுகளை மன அமைதிக்காகச் செய்கிறோமே, இந்த விசித்திரமான யோசனை யாருக்கு, எப்போது வந்தது? போதிதர்மன் கதை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத் தெரிகிறது. ஆனால் அது கேள்வியை மூடித்தான் வைக்கிறது.

போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு கி.பி. 547 வாக்கில் யாங் சுவான்ஜி என்பவர் லுவோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. அதில் அவர் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்த துறவி. யோங்னிங் கோயில் கோபுரத்தின் அழகைப் பார்த்து வியந்து நிற்கிறார், தனக்கு வயது நூற்றைம்பது என்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில் தான்லின் என்பவர் அவரைத் தென்னிந்தியர், ஒரு பேரரசரின் மூன்றாவது மகன் என்று எழுதுகிறார். 645இல் தாவோசுவான் தன்னுடைய துறவியர் வரலாற்றில் தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். தெற்கிலிருந்து போனவர் என்று நாம் சொல்லிக்கொள்ள ஆதாரம் இருக்கிறது, சரி. ஆனால் காஞ்சி என்ற ஊர் இந்த மூன்றிலும் இல்லை. சண்டைப் பயிற்சி என்ற பேச்சே இல்லை.

ஷாவோலின் மடம் 495 வாக்கில் தொடங்கியது. அதன் துறவிகள் சண்டை போட்டதற்குக் கல்வெட்டு ஆதாரமே உண்டு: 621இல் பின்னாளில் தாங் பேரரசராகப் போகும் லீ ஷிமின் பக்கம் நின்று போரிட்டிருக்கிறார்கள். அது நிலமும் அதிகாரமும் சம்பந்தப்பட்ட போர். தியானத்தின் நீட்சி என்று அதை யாரும் அப்போது சொல்லவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஷாவோலின் மடத்தின் புகழுக்குக் காரணம் வெறுங்கைச் சண்டை அல்ல, கம்பு. செங் சோங்யோவ் என்பவர் பத்து வருஷத்துக்கு மேல் மடத்தில் தங்கிக் கற்றுக்கொண்டு, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாவோலின் கம்பு முறைக்கென்றே ஒரு நூல் எழுதினார். அந்தக் கம்பைத் தந்த தெய்வம் என்று மடத்துக்காரர்கள் கும்பிட்டது போதிதர்மரை அல்ல. ஜின்னாலுவோ என்ற தேவதையை. பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: கின்னரர். இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன அரைமனித இசைத் தெய்வம், சீன மடத்துச் சமையற்கட்டில் கம்பெடுத்துக் கொள்ளைக்காரர்களை விரட்டிய காவல் சாமியாகிவிட்டது. நம்ம ஊர்க் கதைதான் வேண்டும் என்றால் இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? ஆனால் கின்னரருக்குச் சூர்யா மாதிரி ஒரு முகம் கிடைக்கவில்லை.

போதிதர்மரைச் சண்டைக்குள் இழுத்துவந்தது ‘யீஜின் ஜிங்’ என்ற நூல். தசைநார்களை மாற்றியமைக்கும் நூல் என்று பெயருக்குப் பொருள். உடலை இறுக்கி வலுவாக்கும் பயிற்சிகளைச் சொல்வது. 7ஆம் நூற்றாண்டுத் தளபதி லீ ஜிங் எழுதியதாக அதற்கு ஒரு முன்னுரை; போதிதர்மர் மடத்துச் சுவரில் விட்டுப்போனது இது என்று அதில் இருக்கிறது. உண்மையில் நூல் உருவானது 1624இல், ஒரு தாவோயிசச் சாதகர் கையில். போலி என்று எப்படித் தெரிந்தது? முன்னுரையில் லீ ஜிங் இந்த நூலைத் தனக்குக் கொடுத்தவராக ஒரு ‘சுருள்தாடி வீரரை’க் குறிப்பிடுகிறார். அந்தச் சுருள்தாடிக்காரர் ஒரு சிறுகதையின் கதாபாத்திரம்! 18ஆம் நூற்றாண்டில் லிங் திங்கான் என்ற அறிஞர் இதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறார். எங்கள் தொழிலில் ஒருவன் கமிட் தேதியை ஆயிரம் வருஷம் பின்னுக்குத் தள்ளி, எழுதியவர் பெயரையும் மாற்றிப் போட்டால் எப்படியிருக்குமோ அப்படி. அதற்கப்புறமும் கதை மடத்துக்கு வெளியே பரவ இன்னும் 300 வருஷம் ஆனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடராக வந்த லியூ ஏயின் ஒரு நாவலும், அதன்பின் 1915இல் வந்த ஷாவோலின் ரகசியங்கள் பற்றிய ஒரு மலிவுப் புத்தகமும்தான் போதிதர்மரைக் குங்ஃபூவின் தந்தை ஆக்கின.

மெயிர் ஷஹார் என்ற ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட ஷாவோலின் மட வரலாற்றில் இந்த நூல்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்க்கிறார். மிங் அரசு சரிந்து சிங் அரசு வந்த 17ஆம் நூற்றாண்டில்தான் பழைய தாவோயிச மூச்சுப் பயிற்சிகளும், மருத்துவ உடற்பயிற்சிகளும், வெறுங்கைச் சண்டையும் ஒன்றோடொன்று கலந்தன என்பது அவர் முடிவு. அதற்குக் கொஞ்சம் முன்னால் வாழ்ந்த தளபதி சீ ஜிகுவாங், வெறுங்கைச் சண்டை பெரிய போருக்கு உதவாது, ஆனால் கைகால்களைப் பழக்குவதற்கு நல்லது என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். இதுதான் விதை என்று எனக்குத் தோன்றுகிறது. போரில் பயன்படாத சண்டைக்குத்தான் வேறு வேலை தேட முடியும்.

தாய் சி என்று இன்று உலகமே பூங்காக்களில் செய்வதைப் பாருங்கள். மேகம்போல் நகரும் கை, பூனைபோல் வைக்கும் கால். அதைப் பெய்ஜிங்கில் பிரபலமாக்கிய யாங் லூச்சான் (1799–1872) அரண்மனைக் காவலர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சண்டைக்காரர். அவர் கற்றுவந்த சென் கிராமத்துப் பாணியில் இன்றும் துள்ளலும் தரையை மிதிக்கும் உதையும் உண்டு. 1900இல் பாக்ஸர் கிளர்ச்சி. மந்திரமும் பயிற்சியும் குண்டைத் தடுக்கும் என்று நம்பிப் போன கிராமத்து இளைஞர்கள் எட்டு நாட்டுத் துப்பாக்கிகளின் முன் விழுந்தார்கள். அதற்குப்பின் படித்த சீனர்களுக்குப் பழைய சண்டைக் கலை என்றாலே கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் புதியது பிறந்தது. 1910இல் ஷாங்காயில் ஜிங்வூ சங்கம் சண்டைக் கலையை நகரத்து மனிதர்களின் உடற்பயிற்சி ஆக்கியது. சுன் லூதாங் 1915 தொடங்கி எழுதிய நூல்களில், இது வெறும் சண்டை அல்ல, தாவோயிச உள்பயிற்சியும் இதுவும் ஒன்றுதான் என்றார். லூச்சானின் பேரன் யாங் செங்ஃபூ 1920களின் இறுதியில் தெற்கே ஷாங்காய்ப் பக்கம் வந்தபோது, துள்ளலை எடுத்துவிட்டு, ஒரே சீரான மெதுவான ஓட்டமாக ஆக்கிய பாணியைக் கற்றுக்கொடுத்தார். மாணவர்களில் நிறையப் பேர் வியாபாரிகள், எழுத்துக்காரர்கள், நோயாளிகள். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் அதையும் சுருக்கி 24 அசைவுகளாக்கியது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆக, நாம் ‘ஆயிரமாண்டு ஞானம்’ என்று பார்க்கும் அந்த மெதுவான அசைவு, இன்றிருக்கும் வடிவத்தில், என் தாத்தாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடுகிறதா? அமெரிக்காவின் ஆரிகனில் 195 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2012இல் வெளியானது. வாரம் இரண்டு முறை, 24 வாரம் தாய் சி செய்தவர்களின் உடல் சமநிலை, வலுப்பயிற்சியும் நெகிழ்வுப் பயிற்சியும் செய்தவர்களைவிட நன்றாக இருந்தது. அவர்களுடைய முழங்கால் நரம்புகளுக்கு அது எந்த நூற்றாண்டில் பிறந்தது என்ற கவலை இருந்திருக்காது.

யாங் லூச்சான் பிறந்த அதே 1799இல்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார், கொங்கு முழுக்கக் கம்பெனி கைக்குப் போனது. தாராபுரம் அதற்கு முன்னால் மைசூர்ப் போர்களில் பலமுறை கைமாறிய கோட்டை ஊர். கம்பெனி இந்தப் பகுதியை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்து, வடக்குக்குப் பவானியையும் தெற்குக்குத் தாராபுரத்தையும் தலைமையிடமாக வைத்தது. 1804இல் இரண்டையும் சேர்த்துக் கோயம்புத்தூரைத் தலைமையிடம் ஆக்கியபின் எங்கள் ஊர் அமராவதிக் கரையில் அமைதியாகிவிட்டது. அந்த ஐந்து வருஷத்துக்குள் நடந்ததுதான் இங்கே முக்கியம். 1800 ஜூன் 3 அன்று கோவையில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கப் பாளையக்காரர்கள் போட்ட திட்டம் முன்கூட்டியே வெளியாகித் தோற்றது. பலர் தூக்கிலிடப்பட்டார்கள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் மேலப்பாளையத்தில் பிறந்த தீரன் சின்னமலை, ஓடாநிலையில் கோட்டை கட்டி இளைஞர்களுக்குப் போர்ப்பயிற்சி கொடுத்தவர், 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கில் தொங்கினார். இடையில், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தெற்குப் பாளையங்களுக்கு ஒரு பிரகடனம் விட்டார்: துப்பாக்கியோ ஈட்டியோ வைத்திருந்தால் மரண தண்டனை. 1878இல் ஆயுதச் சட்டம் வந்து, உரிமம் இல்லாமல் ஆயுதம் கூடாது என்பதை நாடு முழுவதுக்கும் ஆக்கியது.

மூங்கில் கம்பை யார் தடை செய்ய முடியும்? ஆடு மேய்க்க அது வேண்டும், பாம்படிக்க வேண்டும், ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போக வேண்டும். வாளும் வேலும் போன வீட்டில் கம்பு மட்டும் மூலையில் சாய்ந்து நின்றது. சிலம்பம் இன்று உயிரோடு இருப்பதற்குப் பெரிய காரணம் அது ஆயுதம்போலத் தெரியாததுதான் என்பது என் கணிப்பு. ஆனால் போர் என்ற வேலை போய்விட்டது. சீனாவில் துப்பாக்கி செய்ததை இங்கே கம்பெனியின் உத்தரவு ஒரு நூற்றாண்டு முன்னாலேயே செய்துவிட்டது. அப்படியானால் இங்கேயும் சண்டை தியானமாக மாறியிருக்க வேண்டாமா? மாறவில்லை. கொங்கில் அது மூன்று திசையில் பிரிந்துபோனது.

ஒன்று, கோயில். அண்ணன்மார் கதை தெரியாத கொங்குக்காரர் குறைவு. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து, உடுக்கடித்துப் பாடும் கலைஞர்களிடமிருந்து இந்தக் கதையை இரவிரவாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதில் அண்ணன் பொன்னர் சாந்தமானவர், நிதானம் தவறாதவர். தம்பி சங்கர் கோபக்காரர், வெட்டு குத்துக்கு அஞ்சாதவர். அமைதி ஒரு உடம்பில், சண்டை இன்னொரு உடம்பில். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைக்கக் கதைக்கு மனசு வரவில்லை. விழாவில் படுகளம் என்று ஒன்று நடக்கும். அருள் வந்த ஆண்கள் போரில் செத்த வீரர்களாகக் களத்தில் விழுந்து அசையாமல் கிடப்பார்கள். உடுக்கையும் பறையும் ஒலித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் தங்கை தங்காளின் பெயரால் தண்ணீர் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார்கள். இந்த மண்ணில் போருடலும் சமாதிநிலையும் சந்திக்கும் ஒரே இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அதைத் தினமும் காலையில் ஆறு மணிக்கு முதுகுவலிக்காகச் செய்ய முடியாது. தவிரவும் அந்தக் கதை வேளாளருக்கும் வேட்டுவருக்கும் நடந்த நிலச் சண்டையின் நினைவு. யார் விழுவது, யார் பறையடிப்பது என்பதெல்லாம் அதில் முன்பே தீர்மானமாகியிருக்கும்.

இரண்டாவது திசை தேகப்பயிற்சி சாலை. யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பயில்வான் 1904–05இல் இந்தியாவைச் சுற்றிவந்தபின் ‘சாண்டோ’ என்பது இங்கே பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. கோவை ராமநாதபுரத்தில் பிறந்து, மில்லில் வேலை பார்த்து, வீரமாருதி தேகப்பயிற்சி சாலையில் உடம்பை வளர்த்த சின்னப்பா தேவர் (1915–1978) அந்தப் பெயரோடுதான் சினிமாவுக்குப் போனார். மில் ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளிக்குக் கர்லாக்கட்டையும் பஸ்கியும் ஒரு கௌரவத்தைக் கொடுத்தன. அந்தச் சாலைகளில் கம்பும் சுவரில் சாய்ந்திருந்தது. ஆனால் அங்கே மதிப்பு பெற்றது கண்ணாடியில் தெரியும் தசைக்குத்தான். மூன்றாவது திசை அந்தச் சினிமாவேதான். 1963இல் ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தில் எம்.ஜி.ஆர். கம்பு சுற்றியதைப் பார்த்துவிட்டு ஊர்ப் பையன்கள் தென்னந்தோப்புக்குள் ஓடிய கதையை என் அப்பா தலைமுறை இன்றும் சொல்லும். திரையில் கம்பு வேகமாகச் சுற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வேகம் என்றால் கைதட்டல்.

இந்த மூன்றிலும் மெதுவுக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைய சிலம்பமும் அந்த வேகத்தின் வாரிசுதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது, சந்தோஷம். ஆனால் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வாரம் ஒரு படம் வருமே, ஆணிப் பலகைமேல் நின்றுகொண்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு, தொடர்ந்து ஒரு மணிநேரம் சுற்றிச் ‘சாதனை’ செய்யும் எட்டு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தையின் மணிக்கட்டைப் பற்றித்தான் எனக்கு யோசனை.

சரி, அமைதியைக் கொங்கு எங்கே தேடியது? அது வேறொரு வாசல் வழியாக வந்தது, கையில் கம்பில்லாமல். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1980களில் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் வந்தபின் மனவளக்கலை மன்றம் இல்லாத கொங்கு ஊர் குறைவு என்றாகிவிட்டது. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்தல். எந்த வயதுக்காரரும் செய்யலாம். இதுவும் ஒரு சுருக்கம்தான், சீனாவின் 24 அசைவைப்போல. காலம்கூட ஏறக்குறைய அடுத்தடுத்துத்தான். யோகாசனமே இன்றைய வடிவில் அவ்வளவு தூய்மையான தியானப் பொருள் அல்ல. 1933 முதல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரி நடத்திய யோகசாலையில், மல்யுத்தக்காரர்களின் தண்டால் வகைகள் ஆசனங்களோடு கலந்திருக்கின்றன என்று நார்மன் ஸ்ஜோமன் 1996இல் எழுதியிருக்கிறார். நம்மை ஆண்ட அதே மைசூர் அரண்மனை. சண்டைக்காரனின் உடற்பயிற்சி அங்கே பின்வாசல் வழியாக யோகாவுக்குள் நுழைந்துவிட்டது. கொங்கில் மட்டும் சிலம்பக்காரனும் மனவளக்கலைக்காரரும் ஒரே தெருவில் இருந்துகொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

‘தளர்த்து’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து நிறுத்திப் பாருங்கள். தாய் சி வாத்தியார்கள் ஓயாமல் சொல்லும் சொல் ‘சுங்’. இறுக்கத்தை விடு, ஆனால் தொய்ந்துபோகாதே என்று அர்த்தம். நமக்குத் தளர்ச்சி என்றாலே முதுமை. தளர்ந்துபோனான் என்றால் ஆள் முடிந்தான். நடை தளர்ந்தது, பிடி தளர்ந்தது, எல்லாமே தோல்வியின் பக்கம். வீரத்துக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் இறுக்கமானவை: திண்மை, உறுதி, விறைப்பு. ஆனால் சிலம்ப மைதானத்தில் காது கொடுத்துக் கேட்டால் வாத்தியார் வேறு தமிழ் பேசுகிறார். “தோளை உடு கண்ணு.” “கம்பைக் கோழிக் கழுத்தாட்டம் நெரிக்காத.” “மூச்சை ஏன் அடக்கிட்டு நிக்கற?” தியானக் கூடத்தில் காசு கொடுத்துக் கேட்கும் அதே அறிவுரை, இங்கே திட்டாக வருகிறது.

நான் போகும் மைதானம் ஆற்றுப் பக்கம் இருக்கிறது. வாத்தியாருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முதல் மாதம் கம்பையே கையில் கொடுக்கவில்லை, வெறும் சுவடுதான். ஒரு கால் முன்னே, உடம்பு திரும்ப, இன்னொரு கால் பக்கத்தில், மறுபடி திரும்ப. நாலு பக்கமும் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு நாலு பக்கமும் வைக்கும் கால். யூடியூப் தாய் சி உடம்பில் மிச்சமிருந்ததாலோ என்னவோ, ஒரு நாள் அந்தச் சுவட்டை ரொம்ப மெதுவாகச் செய்து பார்த்தேன். வேகத்தில் மறைந்துபோகிற விஷயங்களெல்லாம் தெரிய ஆரம்பித்தன. எடை எந்தக் காலில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. இடது இடுப்பு திரும்புவதற்குள் தோள் முந்திக்கொண்டு போகிறது. பிழைத்திருத்தம் செய்யும்போது நிரலை வரி வரியாக நிறுத்தி ஓட்டுவோமே, அதேதான். பையன்கள் சிரித்தார்கள். “அண்ணனுக்கு பஃபர் ஆகுதுங் வாத்தியாரே” என்றான் ஒருவன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏன் தம்பி, முட்டி வலியா?”

“இல்லைங்க வாத்தியாரே, சும்மா நிதானமாப் போட்டுப் பார்க்கறேனுங்க.”

“நிதானம் நல்லதுதான். ஆனா எதிர்ல ஆளில்லாம நிதானமாச் சுத்துனா தூக்கந்தான் வரும். ஆளை நிறுத்திட்டுச் சுத்துங்க.”

அவருக்குத் தாய் சி பற்றி எதுவும் தெரியாது. ஆனால் அதன் வரலாற்றில் நடந்த ஒரு இழப்பின்மேல் சரியாக விரலை வைத்துவிட்டார். பழைய தாய் சியில் இருவர் கைகோத்து நின்று, ஒருவரை ஒருவர் மெல்லத் தள்ளி, மற்றவர் எங்கே இறுகுகிறார் என்று தொட்டு அறியும் பயிற்சி ஒன்று உண்டு. தள்ளும் கைகள் என்று பெயர். 24 அசைவாகச் சுருக்கி மக்கள் எல்லோருக்கும் கொடுத்தபோது பூங்காவுக்குப் போனது தனியாள் ஆட்டம் மட்டும்தான். எதிராளி வீட்டிலேயே தங்கிவிட்டார். உடம்புக்கு அதில் நன்மை இருக்கிறது, ஆராய்ச்சியே சொல்கிறது. ஆனால் எதிராளி போனபின் அது சண்டைக் கலையின் நிழல் படிந்த உடற்பயிற்சி. நம்ம பக்கம் நடந்தது இதற்கு நேர்மாறு. எதிராளியை வைத்துக்கொண்டோம், நிதானத்தை விட்டுவிட்டோம்.

சிலம்பத்துக்கு ஐயாயிரம் வயது என்று ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. அந்த ஐயாயிரத்தை எடுத்துவிட்டால் கையில் ஒன்றுமே இருக்காதோ என்ற பயம் அதில் இருக்கிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. சீனர்கள் 1624இல் ஒரு போலி முன்னுரை எழுதினார்கள், 1956இல் ஒரு கமிட்டி போட்டார்கள். இரண்டாவதால்தான் மருத்துவமனைகளில் இன்று அதைச் செய்கிறார்கள். முதலாவதால் ஒரு சினிமா கிடைத்தது, அதுவும் நமக்கு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும், பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும், ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணும் மாறி மாறி எதிரெதிரே நிற்கிறோம். விதி ஒன்றுதான்: வீச்சு எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக வர வேண்டும், தடுப்பும் அதே வேகத்தில்தான் போக வேண்டும். நெற்றி உயரக் கம்பு மேலேயிருந்து என் தலையை நோக்கி வந்துசேர ஐந்தாறு நொடி ஆகிறது. அடிக்காது என்று தெரியும். அந்தப் பெண் கம்பை எங்கே நிறுத்துவாள் என்பதும் தெரியும். இருந்தும் மூன்றாவது நொடியில் என் தோள் காதை நோக்கி ஏறுகிறது, மூச்சு நின்றுபோகிறது. திங்கட்கிழமைக் காலை மீட்டிங்கில் என் பெயரைக் கூப்பிடும்போது ஏறும் அதே தோள், அதே அளவு. “அங்கிள், தோளு” என்கிறாள். இறக்குகிறேன். கம்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.